உறைபனிக் காலத்துக்கு நைட்ரைல் ரப்பர் குழாய் உறை: தலைக்குந்தாவிலிருந்து ஒரு மதிப்புரை

ஏசியின் செம்புக் குழாய்களுக்குப் போடும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறையை, ஊட்டி அருகே தலைக்குந்தாவில் எங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய்களுக்குப் பொருத்தி ஒரு பனிக்காலம் முழுவதும் கவனித்தேன். வடக்குச் சுவரோரம் வெயிலே படாமல் செல்லும் அரை அங்குலக் குழாயிலும் காலையில் தண்ணீர் தடையின்றி வந்தது.

இவ்வுறை சூடு தருவதில்லை. தண்ணீரிலுள்ள சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. நீலகிரிக்கு அந்தத் தாமதமே போதும். மேகமற்ற இரவில் நிலத்தின் சூடு வானுக்குப் போய்விட, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்குவதால், விடியலை ஒட்டிய சில மணி நேரம்தான் குளிர் பூஜ்ஜியத்தை நெருங்குகிறது அல்லது அதற்கும் கீழே இறங்குகிறது. வெயில் ஏறியதும் விலகிவிடுகிறது. நாள்கணக்கில் உறைந்துகிடக்கும் லடாக் போன்ற இடங்களுக்குத்தான் மின்சாரத்தில் சூடேறும் கம்பி தேவை. இங்கே அது வீண் செலவு.

வாங்கும்போது அளவில் கவனம் வேண்டும். அரை அங்குலக் குழாய் என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனெனில் அந்த அளவில் பிவிசி குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர், சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயினுடையது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். தொளதொளவென்று நிற்கும் உறைக்குள் குளிர்காற்று புகுந்துவிடும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தடிமனை விட 19 மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவது நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் விட்டம் குறைந்த குழாயே முதலில் உறையும் என்பதால் அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

குறை ஒன்று உண்டு: வெயில் படும் இடத்தில் இந்த ரப்பர் நாளடைவில் வெடித்துப் பொடியும். மேலே அலுமினிய டேப் சுற்றுவது கட்டாயம்.

பொருத்துவதில் பிளம்பர்கள் நேரான பகுதிகளை மூடிவிட்டு எல்போ எனும் வளைவு இணைப்பையும், தண்ணீரை அடைக்கும் கேட் வால்வையும் உறையின்றி விடுவதை இங்கே பல வீடுகளில் காண்கிறேன். அப்படி விட்ட இடத்தில் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய தண்ணீரின் அழுத்தம்தான் குழாயைப் பிளக்கிறது. எனவே வளைவுகளில் உறையைச் சாய்வாக வெட்டி, இடைவெளியின்றிப் பசையால் ஒட்டச் சொல்லி, அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் ஓரடி ஆழத்தில் போகும் குழாய்க்கு இவ்வுறை தேவையே இல்லை.