வாய்ஸ் நோட்டை நம்பி ஒரு தோழிகள் குரூப்: ஆறு வருடத்துக்குப் பிறகு

"அக்கா, நாங்க எட்டு பேரு சேர்ந்து ஒரு குரூப் ஆரம்பிக்கிறோம். ஆபீஸ், மாமியார், பிள்ளைங்க படிப்புன்னு மனசுல இருக்கறத பேசிக்கத்தான். வாய்ஸ் நோட் போட்டா போதுமா, இல்ல டைப் பண்றது நல்லதா?" என்று கேட்டிருக்கிறாள் ஒரு தோழி. அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வந்தது 2013-இல். எப்படி அனுப்புவது என்று இன்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தோழிகள் குரூப் ஆறு வருடமாக அதையே நம்பி ஓடுகிறது. அப்படி வருடக்கணக்கில் ஓடினால் என்ன கிடைக்கும், எது கைவிடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. "பரவால்லப்பா, பாத்துக்கலாம்" என்று டைப் செய்து வந்தால் அது ஏழு எழுத்து, இன்னொரு ஏழு எழுத்து, அவ்வளவுதான். அதையே குரலில் கேட்டால், சொல்வதற்கு முன் விட்ட மூச்சும் "பாத்துக்கலாம்" என்பதில் கடைசி எழுத்து கரைந்துபோவதும் காதில் விழும். அவள் பார்த்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்று புரிந்துவிடும். சென்னை ஓ.எம்.ஆரில் இரவு ஷிஃப்ட் முடித்து கேபில் வருகிறவளுக்கும், விடியற்காலை நாலரைக்கு எழுந்து இட்லி ஊற்றுகிறவளுக்கும் ஒரே நேரத்தில் போன் பேச வாய்க்காது. ஒருத்தி சொல்லி வைத்ததை இன்னொருத்தி ஆறு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் குரல் ஆறிப்போவதில்லை. இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்க்கவில்லை.

சமையலறையில் நின்று பேசுகிறவர்கள் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். அழுத்தியபடி விரலை மேலே தள்ளினால் பூட்டுக் குறி விழும், கை விடுபடும். குக்கர் விசில் வந்தால் நிறுத்தி வைத்து, அடங்கியதும் அதே பதிவில் தொடரலாம். அனுப்புமுன் ஒருமுறை போட்டுக் கேட்கவும் வழி இருக்கிறது. கோபத்தில் பேசியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். டைப் செய்ததை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், குரலைத் திருத்த முடியாது. அழிக்கத்தான் முடியும், அதற்கும் இரண்டரை நாள்தான் கெடு. அதற்குள் பாதிப் பேர் கேட்டு முடித்திருப்பார்கள்.

குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் புளூடூத் ஹெட்செட்தான் காரணம். பாட்டு கேட்கும்போது தெளிவாக இருக்கும் ஹெட்செட்டே, மைக் வேலை செய்யத் தொடங்கியதும் போன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். அதைக் கழற்றிவிட்டு போனின் அடிப்பக்கத்து மைக்கில் ஒரு சாண் தள்ளிப் பேசினாலே போதும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் மாவும் தூசியும் அடைத்திருந்தாலும் குரல் மங்கும். உலர்ந்த, மெல்லிய பிரஷ்ஷால் மேலாகத் துடையுங்கள், ஊசி விட வேண்டாம்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. தாம்பரம்–பீச் ரயிலில் நின்றுகொண்டு ஒருத்தி வீட்டு விஷயத்தை ஸ்பீக்கரில் போடக்கூடாது. பிளே தட்டிவிட்டு போனைக் காதில் வைத்தால் சத்தம் காதுப்பக்கத்துக்கு மாறிவிடும். அதைச் செய்வது திரைக்கு மேலே இருக்கும் சென்சார். டெம்பர்டு கிளாஸை ஒழுங்காக ஒட்டாமல் அது மறைந்துபோனால், கேட்கும்போது திரை சும்மா சும்மா இருட்டாகும். அடுத்தது வேகம். 1.5, 2 மடங்கு என்று ஓட்டலாம். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி என்று சொல்கிற பதிவுக்கு 2 மடங்கு சரி. அழுதுகொண்டு பேசுகிறவளை 2 மடங்கில் ஓட்டாதீர்கள். அவள் நிறுத்திய இடமெல்லாம் சுருங்கிவிடும், அந்த இடங்களில்தான் விஷயமே இருக்கிறது.

நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு சேதி. அது குரூப்பில் செல்லாது, வாய்ஸ் நோட்டிலும் செல்லாது. கேட்டது கேட்டதாகவே தெரியும். மெசேஜ் இன்ஃபோவில் யார் யார் கேட்டார்கள் என்று வரிசையாகக் காட்டும். "கேட்டும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்கிற மனத்தாங்கல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். பதில் சொல்ல நேரமில்லை என்றால் "கேட்டேன், ராத்திரி பேசறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அது போதும்.

இனி என் பொறுமையைச் சோதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எதையும் தேட முடியவில்லை. ஒருத்தியின் அப்பா பக்கவாதம் வந்து வீடு திரும்பியிருக்கிறார், அவருக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோ வேண்டும். அந்த நம்பர் எங்கள் குரூப்பில் இருக்கிறது, கேட்ட நினைவு நன்றாக இருக்கிறது. ஆனால் அது நாலரை நிமிடப் பதிவு ஒன்றில், மகளின் ஃபீஸ் பற்றிய பேச்சுக்கும் மேனேஜர் லீவு மறுத்த பேச்சுக்கும் நடுவே எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கிறது. தேடல் பெட்டியில் "பிசியோ" என்று போட்டால் வாய்ஸ் நோட்டில் சொன்ன எதுவும் வருவதில்லை. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டும். அப்பாவுக்கு முதல் சில வாரப் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

இதை ஆப் மேல் போட்டால் நியாயமில்லை. மனசை ஆற்றிக்கொள்ளும் இடத்தையே டைரக்டரியாகவும் பாவித்தது நாம்தான். இதற்கு வழி இருக்கிறது, பின்பற்றத்தான் ஆளில்லை. நம்பர், முகவரி, மருந்துப் பெயர், பணத்தொகை நான்கும் குரலில் வரக்கூடாது. வந்துவிட்டால், கேட்ட முதல் ஆள் அந்த வாய்ஸ் நோட்டை வலப்பக்கம் தள்ளி, அதற்கே ரிப்ளையாக ஒரு வரி டைப் செய்ய வேண்டும்: "பிசியோ, மடிப்பாக்கம், வீட்டுக்கு வருவார், காலையில் மட்டும்." பிற்பாடு "பிசியோ" என்று தேடினால் அந்த வரி வரும். அதில் மேற்கோளாக இருக்கும் வாய்ஸ் நோட்டைத் தட்டினால் நேராக மூலப் பதிவுக்கே கொண்டுபோய் விடும். மொத்தம் பத்து நொடி வேலை. சும்மா டைப் செய்து போட்டால் பலனில்லை, ரிப்ளையாக இருந்தால்தான் இரண்டும் கட்டுண்டு கிடக்கும். ஸ்டார் போடுவது அவரவர் போனில் மட்டும் நிற்கும், மற்றவர்களுக்கு உதவாது. மெசேஜைப் பின் (pin) செய்தால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதிகபட்சம் 30 நாள்.

மழைக்காலத்திலும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சிக்னல் அப்படி அரைகுறையாக வந்துபோகும் நேரத்தில் வாய்ஸ் நோட் கடிகாரக் குறியோடு மாட்டிக்கொண்டு நிற்கும். "தண்ணி உள்ள வந்துடுச்சு, மாடில இருக்கோம்" என்ற டெக்ஸ்ட் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். மழைக்காலம் முடியும்வரை அவசரம் என்றால் எழுத்துதான் என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

ரகசியம் பற்றிக் கொஞ்சம். ஆண்ட்ராய்டு போனில் வாய்ஸ் நோட்டுக்கென்று தனி ஃபோல்டரே உண்டு, ஃபைல் மேனேஜர் வழியாக அதற்குப் போய்விடலாம். அதனால் சாட் லாக் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வீட்டில் போனை வாங்கிப் பார்க்கிறவர்கள் இருந்தால், மறையும் மெசேஜை 7 நாளுக்கு வையுங்கள். 24 மணி நேரம் வைத்தால் ஷிஃப்டில் இருக்கிறவள் கேட்பதற்குள் போய்விடும். 90 நாள் வைத்தால் மறைவதற்கு அர்த்தமே இல்லை.

ஒரு குரூப்பில் 1024 பேர்வரை சேர்க்கலாம். பன்னிரண்டைத் தாண்டினால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். எட்டு நல்ல எண்ணிக்கை.

குரூப் டிஸ்கிரிப்ஷனில் முதல் நாளே இதை எழுதி வையுங்கள், பின் செய்ததைப் போல அது 30 நாளில் காலாவதி ஆகாது: உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் 104, மனநலத்துக்கு டெலி-மானஸ் 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. தற்கொலைத் தடுப்புக்காகவே 1986 முதல் சென்னையில் சினேகா அமைப்பு இருக்கிறது. "எனக்கு இனிமே ஒண்ணும் வேணாம்டி" என்று ஒரு குரல் வந்தால் அதற்கு வாய்ஸ் நோட்டில் பதில் சொல்லாதீர்கள். உடனே கால் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவள் நேரில் போக வேண்டும். யாருக்கு யார் பக்கம், யார் வீட்டுச் சாவி யாரிடம் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, அந்தத் தோழிக்கு நான் தரப்போகும் பதில் இது: முதல் மூன்று மாதம் வாய்ஸ் நோட்டே வேண்டாம், எட்டு பேரும் டைப் செய்யுங்கள். ரிப்ளையில் ஒரு வரி போடும் பழக்கம் படிந்த பிறகு மைக்கைத் தொடுங்கள். மேலே அவ்வளவு புகழ்ந்தவளா இப்படிச் சொல்கிறாள் என்று கேட்டால், ஆமாம். மணி பன்னிரண்டரை ஆகிறது, 2021 மார்ச் வரைக்கும் கேட்டாயிற்று, அந்த பிசியோ நம்பர் இன்னும் கிடைக்கவில்லை.