ஆத்தாவை எங்கே வைத்துக்கொள்வது: பெரிய வீடா, பிள்ளை வீடா, முதியோர் குடியிருப்பா, பக்கத்திலேயே தனி உலையா?

செட்டிநாட்டில் இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஆத்தா ஊரில் தனியாக இருக்கிறார், சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, ஆள் வைக்கலாமா, கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்பெல்லாம் நன்றாக இருக்கிறதாமே, இப்படி. சாப்பாடு, மருந்து, வழுக்கி விழுவது, திருட்டுப் பயம் இதையெல்லாம் வைத்துத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். மனசு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பவர் குறைவு. நான் அதை மட்டும் முன்னால் வைத்து நான்கு வழிகளையும் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடமாட்டமும் நினைவும் சரியாக இருக்கிற பெரியவருக்கு, சொந்தக்காரர் யாராவது நடந்து வந்து பார்க்கிற தூரத்தில், தனி அடுப்போடு ஒரு சின்ன வீடு. மற்ற மூன்றும் அதற்குப் பிறகுதான்.

வயதானால் சோர்ந்துதான் இருப்பார்கள் என்று நினைப்பது தவறு. மனச்சோர்வு நோய், வயதின் இயல்பு இல்லை. 2017-18ல் இந்தியா முழுக்க எடுத்த முதியோர் ஆய்வில், 60 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. நூறு பெரியவர்கள் இருக்கிற ஊரில் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். கை கால் குடைகிறது, வாய் கசக்கிறது, மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றுதான் சொல்வார்கள்.

சரி, முதலில் பெரிய வீடு, அதாவது ஊரில் இருக்கிற பூர்வீக வீடு. இருபது முப்பது புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பங்களுக்கு, பாத்தியப்பட்ட வீட்டில் இன்றைக்கு ஒரே ஒரு ஆச்சி இருப்பது கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் எங்கேயும் சாதாரணம். இந்த வழியின் பலம் பெரியது. ஊரில் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. முன்னோருக்குச் செய்கிற படைப்பு எந்த நாள், எந்தப் பானையை எடுக்க வேண்டும், பங்காளிகளில் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பால்காரர் இரண்டு நாள் வரவில்லை என்றால் அவர் வீட்டில் என்ன என்று விசாரிப்பதும் இவர்தான். தன்னால் நாலு பேருக்கு ஆக வேண்டியது இருக்கிறது என்ற நினைப்புக்கு ஈடான மருந்து கிடையாது.

பலவீனம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. வேலைக்கு வருகிறவர் கிளம்பிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி முன்பெல்லாம் விளக்கேற்றியதும் முகப்பில் தொடங்கி, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரைக்கும் ஒவ்வொரு கதவாகத் தாழ் போட்டுக்கொண்டு வருவார். பிறகு இரண்டாங்கட்டைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். அப்புறம் வளவுக்குள் போவதும் குறைந்தது. கடைசியில் முகப்பை ஒட்டிய ஒரே அறை, அதில் ஒரு மின் அடுப்பு, காலையில் வைத்த ரசமே ராத்திரிக்கும். பிள்ளைகள் தினமும் போனில் பேசினார்கள், "நல்லா இருக்கேன்" என்றே பதில் வந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் ஆத்தா எத்தனை கதவு திறந்து புழங்குகிறார் என்று பாருங்கள். சமைப்பது எத்தனை வேளை, கோயிலுக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் கவனியுங்கள். கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி என்று வீடு நிறைந்து பத்து நாள் கழித்து எல்லாரும் கிளம்பிய அடுத்த வாரம்தான் இன்னும் மோசம், அந்த வாரத்தில் யாராவது ஒருவர் கூடவே தங்கிவிட வேண்டும்.

ஆள் வைப்பது பாதித் தீர்வு. ராத்திரி துணைக்கு ஆகும். பேச்சுத்துணை அமைவது அவரவர் அதிர்ஷ்டம்.

அடுத்தது பிள்ளை வீடு. பல்லவன் ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு, அல்லது திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள், நெஞ்சு வலி என்றால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி, நினைவு தப்பத் தொடங்கியவருக்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நன்றாக இருக்கிற ஒருவரைக் கூட்டிப்போனால் நடப்பது வேறு. "ஆத்தா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மருமகள் அன்பாகத்தான் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தையில் ஐம்பது வருடம் ஒரு வீட்டை நடத்தியவர் கையிலிருந்த வேலை எல்லாம் போய்விடுகிறது. ஆண்கள் பாடு இன்னும் கஷ்டம். கணக்கு, கோயில் காரியம், பஞ்சாயத்து என்று திரிந்த அப்பச்சிக்குப் பத்தாவது மாடியில் செய்தி சானலைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்று மாதம் மூத்தவன் வீடு, மூன்று மாதம் இளையவன் வீடு என்று பெட்டியோடு சுற்றவிடுவது எல்லாவற்றிலும் கொடுமை. எந்த வீட்டிலும் அவருக்கென்று ஓர் அலமாரி கூட நிலைக்காது.

வெளிநாடு என்றால் இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் பார்வையாளராக வருகிறவருக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் தங்க விடுவார்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருக்க வேண்டும். சிங்கப்பூரிலாவது தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, தைப்பூசம் இருக்கிறது, தமிழில் பேச ஆள் இருக்கிறது. பனி கொட்டுகிற ஊரில் கார் ஓட்டத் தெரியாத எழுபத்தைந்து வயதுக்காரர் பகல் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதியோர் குடியிருப்பைப் பற்றி ஊரில் பேசவே கூச்சப்படுகிறார்கள், "கொண்டுபோய் விட்டுட்டானா" என்ற பேச்சு வருமே என்று. அந்தக் கூச்சம் வேண்டாம். அறுபத்தைந்து எழுபதில் கணவன் மனைவி இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்து, பிடித்து, தாங்களே முடிவு செய்து குடியேறினால் அது நல்ல வாழ்க்கை. ஒரே வயதுக்காரர்கள், நடைப்பயிற்சி, பஜனை, சீட்டாட்டம், எல்லாம் உண்டு. எண்பது வயதில், துணை போன பிறகு, பிள்ளைகள் முடிவு செய்து அனுப்புகிற ஒருவருக்கு அது வேறு இடமாகிவிடும். சேர்வதற்கு முன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்ற இடம்தானா, நினைவு தப்பினால் வைத்துக்கொள்வார்களா அல்லது திருப்பி அனுப்புவார்களா, தனக்கு வேண்டியதைத் தானே ஒரு நாள் சமைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வாசல் தோட்டத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நான்காவது வழி நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்ததுதான். கல்யாணமான மகனை வேறு வைப்பது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவது இல்லை, ஒரே வளவுக்குள் அரிசி பருப்பு பாத்திரம் கொடுத்துத் தனி உலை வைக்கச் சொல்வது. மாமியாருக்கும் மருமகளுக்கும் அவரவர் அடுப்பு, அவரவர் கணக்கு, ஆனால் ஒரே கூரை, கூப்பிட்டால் ஏன் என்று கேட்கிற தூரம். சின்னஞ்சிறுசுகளுக்காகச் செய்த அந்த ஏற்பாட்டை இப்போது பெரியவர்களுக்காகச் செய்யலாம். சென்னையில் மகன் இருக்கிற அதே அடுக்ககத்தில் ஒரு படுக்கையறை வீடு, அல்லது அடுத்த தெரு. பிள்ளைகள் யாரும் அருகில் இல்லையென்றால் காரைக்குடி செக்காலையிலோ சுப்பிரமணியபுரத்திலோ, தங்கச்சியோ ஓர்ப்படியாளோ இருக்கிற தெருவில் ஒரு சின்ன வீடு. பெரிய வீட்டைப் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் போய்த் திறந்துகொள்ளலாம், சாவி ஆத்தாவிடமே இருக்கட்டும்.

செலவு கூடும், மறுக்கவில்லை. வாடகை இன்னொன்று, கேஸ் இணைப்பு இன்னொன்று. ஆனால் வெள்ளைப் பணியாரம் சுட்டு மகன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறவராக அவர் இருப்பார், மருமகள் கொடுக்கும் தட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பேரன் பள்ளிக்கூடம் விட்டு முதலில் அப்பத்தா வீட்டுக்கு வருவான். கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு கதவும் இருக்கும், இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

எங்கே வைத்தாலும் மருத்துவத்தை விட முடியாது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைவு, பி12 குறைவு இரண்டுமே மனச்சோர்வு போலவே காட்டும். காது மந்தம் இன்னொன்று. கேட்காததால் பேச்சில் கலக்காமல் ஒதுங்கி, ஒதுங்கியதால் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. மறதி என்று பயந்து கூட்டிப்போனவருக்கு உண்மையில் மனச்சோர்வுதான் என்று தெரிய வருவதும் உண்டு, அப்படியென்றால் சிகிச்சையில் மறதியும் பெரும்பாலும் குறையும். மனச்சோர்வு மாத்திரை பிடிக்க நான்கு முதல் எட்டு வாரம் ஆகும், ஒரு வாரம் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகள் பெரியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும், தலைசுற்றல், குழப்பம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற தூக்க மாத்திரையை மட்டும் தயவுசெய்து பழக்காதீர்கள். ராத்திரி எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடைவது அதனால்தான் பல வீடுகளில்.

மனநல மருத்துவரிடம் போக யோசிக்கிறவர்கள் 14416ல் தொடங்கலாம். அரசின் டெலி மானஸ், இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கென்றே 14567 இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. பேச்சு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. கோவாவில் 60 வயது கடந்த, லேசான சோர்வு இருந்த 181 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், டாக்டர்கள் இல்லை, பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கவும் நன்றாகத் தூங்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள் அந்தப் பக்கம் ஏறத்தாழ 4 சதவீதம், மற்றப் பக்கம் 14. முடிவுகள் 2019ல் வெளியாயின. நம் நகரத்தார் சங்கங்களும் மகளிர் குழுக்களும் இதை எடுத்துச் செய்யலாம்.

கடைசியாக, நேரம். துணை போன காரியம் முடிந்த கையோடு ஆத்தாவுக்கு டிக்கெட் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு லீவு இல்லை, புரிகிறது. ஆனால் கணவரும் போய், வீடும் போய், ஊரும் ஒரே மாதத்தில் போவது எண்பது வயதில் தாங்கக்கூடியது இல்லை. முதல் ஆறு மாதம் பிள்ளைகள் முறை வைத்து ஊருக்கு வாருங்கள், அதற்குள் நான்கு வழிகளையும் அவர் முன்னாலேயே பேசி, பதினைந்து நாள் தங்கிப் பார்த்து, அவர் வாயால் சொல்கிற வழியில் செய்யுங்கள்.