அரக்கு இப்போது அரக்காகத் தெரிகிறது: காரைக்குடி செக்காலை ரோடு லேப்டாப் கடை பற்றி

கண்டாங்கிச் சேலை விற்கிறேன். கடை கிடையாது, வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் வியாபாரம். படத்தைப் பார்த்துத்தான் காசு போடுகிறார்கள், அதனால் படத்தில் நிறம் தப்பினால் சேலை திரும்பி வந்துவிடும். போன தை மாதம் மட்டும் நான்கு சேலை திரும்பியது. அதில் ஒன்று சென்னையில் இருக்கும் தேவகோட்டை ஆச்சி ஒருவர் வாங்கியது. “படத்துல மிளகாப்பழச் சிவப்பு, கைக்கு வந்தது அரக்கு. எங்கிட்ட அரக்குக் கண்டாங்கி மூணு இருக்கு, நாலாவது எதுக்கு ஆத்தா?” என்று போனில் கேட்டார். நியாயமான கேள்வி.

தப்பு என் லேப்டாப் திரையில். எட்டு வருசம் ஆகிவிட்டது, வெள்ளையெல்லாம் மோர் கலங்கின மாதிரி மஞ்சளடித்து, சிவப்பு எதுவுமே எடுப்பாகத் தெரியாமல் செங்கல் மாதிரி மங்கிக் கிடக்கும். நான் அதைப் பார்த்துப் படத்தில் சிவப்பை ஏற்றிக்கொண்டே போவேன், வாங்குகிறவர்கள் போனில் அது மிளகாய்ப்பழமாக எரியும். முதலில் போன ஒரு கடையில் ஐந்து நிமிசம் பார்த்துவிட்டு, போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்கோங்க என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிற இந்தக் கடை. போர்டில் லேப்டாப் சர்வீஸ் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. உள்ளே இருந்த தம்பி முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே, அதன் செட்டிங்ஸ் எதுவும் எட்டாத பயாஸ் திரையில் நிறுத்தினார். அங்கே மஞ்சள் இருந்தது, ஆனால் குறைவாக இருந்தது. “பாதி பேனல்லேயும் பாதி செட்டிங்ஸ்லேயும் இருக்குக்கா” என்றார். பேனல் என்றால் படம் தெரியும் திரைப் பாகம். எச்டிஎம்ஐ வயரில் வேறு மானிட்டரை மாட்டினால் அதிலும் மஞ்சள் வந்தது, அதனால் செட்டிங்ஸ் பக்கம் உறுதியானது. தேடிப்பார்த்தால் ராத்திரியில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் எந்நேரமும் ஓடுகிற மாதிரி இருந்திருக்கிறது, கலர் மேனேஜ்மென்ட்டில் திரையின் நிறத்தைத் திருத்தும் ப்ரொஃபைல் ஒன்றும் பழசாகிக் கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் எடுத்ததும் மானிட்டர் பளிச்சென்று ஆகிவிட்டது, என் திரையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம். பின்னொளியில் இருக்கும் வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடியும் அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சும்தானாம், வருசக்கணக்கில் சூட்டில் ஓடினால் அந்த வெள்ளை நகர்ந்துவிடும்.

அதோடு விட்டிருந்தாலும் நான் காசு கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அவர் பக்கத்து ஸ்டூடியோவில் இரவல் வாங்கி, டப்பா மூடி அளவில் கறுப்பாக வயரோடு ஒரு கருவியைக் கொண்டுவந்தார். திரையை அரை மணி நேரம் சூடாக விட்டு, கருவியை மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு நடுவில் படியவைத்தார். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாகக் காட்ட, கருவி ஒவ்வொன்றையும் அளந்துகொண்டே போனது. இலக்கு, வெள்ளைக்குப் பகல் வெளிச்சம் மாதிரி 6500 கெல்வின், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருக்கும் படிகளுக்குக் காமா 2.2. முடிந்ததும் சாம்பல் நிஜமாகவே சாம்பலாக ஆனது. ஆனால் சிவப்பு எட்டவில்லை. நான் கையோடு கொண்டுபோயிருந்த அரக்குச் சேலையை வாசல் வெளிச்சத்தில் மடித்து வைத்து, பக்கத்தில் அதே சேலையின் படத்தைத் திறந்து இருவரும் பார்த்தோம். முந்தானையில் இழை இழையாக ரத்தச் சிவப்பு ஓடுகிறது, திரையில் அது மண்சுவர் மாதிரி தட்டையாக நிற்கிறது. பேனலால் காட்டவே முடியாத நிறத்தை ப்ரொஃபைலால் கொண்டுவர முடியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சரி, பேனலை மாற்றுவோம் என்றேன். இங்கேதான் அவர் சொன்னதை எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறுமனே ஐபிஎஸ் என்று கேட்டு வாங்கக்கூடாது. ஐபிஎஸ் என்றால் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறாது, அவ்வளவுதான். எவ்வளவு நிறம் காட்டும் என்பதை என்டிஎஸ்சி என்ற அளவுகோலில் சொல்வார்கள், மலிவான ஐபிஎஸ் பேனல்கள் பலவும் என் பழைய பேனல் மாதிரியே அதில் 45 சதவீதம்தான். 72 சதவீதம் என்று பார்த்து வாங்கினால்தான், இணையத்தில் போடும் படங்களுக்குப் பொதுவான நிற எல்லையான எஸ்ஆர்ஜிபி கிட்டத்தட்ட முழுசும் கிடைக்கும். பழைய எச்டி பேனலின் கேபிள் ஃபுல் எச்டிக்குப் போதுமா என்பதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டார்.

சென்னையிலிருந்து பேனல் வர ஆறு நாள். மாட்டி, மறுபடி அளந்து, பழைய பேனலின் ப்ரொஃபைலை நீக்கிக் கொடுத்தார். மொத்தம் 7,800 ரூபாய், முதல் நாள் சோதனைக்கு 300 தனி. பழைய பேனலையும் கையில் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே ஆச்சி எதிர்பார்த்த மிளகாய்ப்பழச் சிவப்பில் வேறொரு சேலையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன், அவர் போனில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடை நேச்சுரலுக்கு மாற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லி. வாங்கிக்கொண்டார், திரும்பி வரவில்லை.

குறையும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார், ஆறு நாளும் பேனல் வந்ததா என்று கேட்க நேரில்தான் போக வேண்டியிருந்தது. உட்கார ஒரே ஒரு ஸ்டூல், கேட்டால்தான் பில். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. போகிறவர்கள் சார்ஜரை மறக்காமல் எடுத்துப் போங்கள், பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சில லேப்டாப்கள் தானாகவே வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றும், அளவு தப்பாக வரும்.