குடும்ப அட்டையும் முகாம் அட்டையும்: எது எதைத் தருகிறது?

கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு தெரியும். அந்தப் பவானிசாகரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. மலைமேல், கோத்தகிரி முதல் சேரம்பாடி வரையிலான தேயிலைத் தோட்டங்களில், இலங்கையிலிருந்து ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாக வந்த ‘தாயகம் திரும்பியோர்’ வாழ்கிறார்கள். இலங்கையின் நுவரெலியாவிலும் பதுளையிலும் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களின் வழிவந்தோர் மலைத் தோட்டங்களில் மட்டுமல்லாமல் தமிழக முகாம்களிலும் இருக்கிறார்கள். அண்ணன் எழுபதுகளில் கப்பலில் வந்தார், தம்பி 1983 கலவரத்துக்குப் பின் படகில் வந்தார் என்று சொல்லும் குடும்பங்களில், அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி ஏதிலி (அகதி). அண்ணனிடம் இருப்பது குடும்ப அட்டை, தம்பியிடம் இருப்பது முகாம் அட்டை. அந்த வேறுபாட்டைப் பொறுத்தே இருவருக்கும் கிடைக்கும் உதவிகளும் வேறுபடுகின்றன.

1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்த ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை (ரேஷன் அட்டை அல்ல, தாயகம் திரும்பிய குடும்பம் என்பதற்கான அட்டை) பெற்று, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊருக்குச் சென்றனர். அந்த அட்டையின் பேரில் தோட்ட வேலை, தொழில் கடன், வீட்டுக் கடன் என ஏதேனும் ஒன்று கிடைத்தது. நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆன நிறுவனமும், 1969-இல் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கியும் தாயகம் திரும்பியோருக்காக உருவானவை. ஆனால் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாதவர்களுக்குச் சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்தது தவறான திட்டம் என்றே நான் கருதுகிறேன். பணத்தை இழந்து, பிழைப்புத் தேடி மலையேறிய குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஏராளம்.

முகாம்வாசிக்குக் கிடைப்பது மாதாந்தரப் பணக்கொடை. 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தின்படி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் வழங்கப்படுகிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது மாதம் 3,500 ரூபாய் ஆகிறது. அதோடு ரேஷன் அரிசி, எரிவாயு இணைப்பு, மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை ஆகியவையும் உண்டு. தாயகம் திரும்பியோருக்கு இப்படித் தனியான மாதத்தொகை எதுவும் இல்லை. மற்றக் குடிமக்களுக்கு உள்ள திட்டங்களே அவர்களுக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, குடிமகனைவிட ஏதிலியின் நிலை மேம்பட்டு வருகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பத்துக்குப் பத்து அடி அறைகளில் இரண்டு தலைமுறைகளைக் கழித்த முகாம்களில், அதே 2021 திட்டத்தின்கீழ் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட அரசு முடிவெடுத்தது. டான்டீ தொழிலாளியோ ஓய்வு பெற்றதும் தோட்டம் தந்த லயத்து வீட்டை (வரிசை வீட்டை) ஒப்படைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த பெண், முதுகில் கூடை சுமந்த வலியோடு, அறுபது வயதுக்கு அருகில் வாடகை வீடு தேட நேர்கிறது. கூடலூரில், ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களில் குடியேறியவர்களுக்குப் பட்டா கிடைப்பதில்லை. அங்கே மின் இணைப்பு பெறுவதும் பெரும்பாடு. பலர் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்காகவும் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் குடும்ப அட்டையையே தேர்ந்தெடுப்பேன். அதை வைத்திருப்பவர் வாக்களிக்கலாம், அரசு வேலைக்குத் தேர்வெழுதலாம், நிலம் வாங்கிப் பதிவு செய்யலாம், எவரிடமும் அனுமதி கேட்காமல் திருப்பூருக்கு வேலைக்குப் போகலாம். முகாமில் இருப்பவர், ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் நேரில் நிற்க வேண்டும். அன்று வராதவரின் பணக்கொடை நின்றுபோகலாம். பணக்கொடையை ஓர் அரசு உயர்த்தலாம், இன்னோர் அரசு நிறுத்தலாம். அதை உரிமையாகக் கேட்பதற்கென ஏதிலியர் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. ஏதிலியர் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது.

இதன் கடுமை திருமண உறவில் தெரிகிறது. மலையிலுள்ள ஒரு பெண் முகாமிலுள்ள தன் மாமன் மகனை மணந்தால், 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த அவர்களுடைய குழந்தைக்குத் தாய் இந்தியர் என்பது மட்டும் போதாது. தந்தை சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டால் குழந்தைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. மாறாக, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், முகாமில் பிறந்திருந்தாலும், சட்டப்படி குடிமகனே. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் 65 பேர் குடியுரிமை கோரித் தொடுத்த வழக்கில், அவர்களின் மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் அதே கிளை கூறியிருந்தது.

ஆகவே முகாமிலுள்ள உறவினர்களுக்கு மலையிலுள்ளவர்கள் இப்போதே செய்யக்கூடிய ஓர் உதவி உண்டு. தாத்தாவின் குடும்ப அட்டை, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, ஒப்பந்தக் காலத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் ஆகியவை இன்னும் பல லயத்து வீடுகளில் தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. தம்பியின் பூர்வீகத்துக்கு அண்ணன் வீட்டுத் தாள்களைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். அவை செல்லரித்துப் போவதற்குள் நகலெடுத்து, சான்றொப்பம் பெற்று, குடியுரிமை மனுவோடு இணைக்க வேண்டும்.