பையனை எங்க காட்டுறது: தனியார் ரீஹேபா (போதை மீட்பு சென்டர்), மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸா?
16 வயசுப் பையனோட கஞ்சா பழக்கத்துக்காக பெங்களூர்ல ரெண்டு இடமும் பாத்தாச்சு. ஊருக்கு வெளிய இருக்கற தனியார் சென்டர்ல "மூணு மாசம் விட்டுட்டுப் போங்கம்மா, போன்கூட பண்ண வேணாம்"னாங்க, எட்டிப் பாத்தா ஒரே ஹால்ல குடிக்கு வந்த பெரிய ஆளுங்களோட சின்னப் பசங்களும் பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க. 2017 மனநலச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களை பெரியவங்களோட சேத்து வைக்கவே கூடாது, வீட்டு ஆளோ அவங்க வைக்கற துணையாளோ ஒருத்தர் கூடவே தங்கணும்.

ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ்ல போதைப் பழக்கத்துக்குன்னே தனி சென்டர் இருக்கு. கூட்டம் அள்ளும், விடிகாலையிலயே போய் நிக்கணும், ஆபீஸ்ல லீவு கேட்டு கேட்டு மானம் போகும். ஆனா டாக்டர் பையன்கிட்ட தனியா உக்காந்து பேசுனாரு, தூக்கம், பதட்டம்னு எல்லாத்தையும் விசாரிச்சாங்க. என் ஓட்டு இதுக்குத்தான். எங்க போறதுன்னே தெரியலன்னா அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446க்கு அடிங்க, காசு கிடையாது.