பாதுகாப்பு மென்பொருள் போட்டதும் நெட் நின்றால், தேடலில் வரும் உதவி எண்ணை நம்பாதீர்கள்

பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு மென்பொருளை நிறுவிக் கணினியை மறுபடி இயக்கியதும் அக்காவுக்கு இணையம் நின்றுவிட்டது. வைஃபை இணைப்பு இருந்தது, அதே வைஃபையில் கைபேசியும் ஒழுங்காக வேலை செய்தது. கணினியின் பிரவுசரில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. கைபேசியில் மென்பொருளின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தார். அது விளம்பரம் கொடுத்து மேலே ஏறிய எண். அந்த நிறுவனத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசியிருக்கிறார். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பிராக்ஸி (பிரவுசருக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் இடைத்தரகர்) என்ற இடத்தில் 127.0.0.1 என்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அணைக்கச் சொன்னார். அணைத்ததும் பக்கங்கள் திறந்தன. கோளாறு அங்கேயே தீர்ந்துவிட்டது. என் வயிறு எரிவது இதனால்தான். பழுது எது என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும், அதைச் சரிசெய்தும் விட்டான், அதற்குப் பிறகுதான் கொள்ளையைத் தொடங்கினான்.

"இது தாங்காது மேடம், உள்ளே யாரோ புகுந்திருக்கிறார்கள், நான் பார்த்தே ஆக வேண்டும்" என்றான். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை இறக்க வைத்து, அதன் எண்ணைக் கேட்டு வாங்கினான். கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்புக் குறியிட்ட வரிகளை மேலும் கீழுமாக ஓட்டிக் காட்டி, "ஒவ்வொன்றும் ஒரு வைரஸ்" என்றான். அப்பட்டமான பொய். நல்ல நிலையில் உள்ள எந்த விண்டோஸ் கணினியிலும் அந்தச் சிவப்பு வரிகள் இருக்கும்; ஏதோ ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினால்கூடப் பதிவாகும். அக்கா பயந்துபோய் ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் கட்டினார். அவன் சொன்ன தொகை ஒன்று, கணக்கில் கழிந்தது வேறு.

அந்த 127.0.0.1 என்பது கணினி தன்னையே குறிக்கும் முகவரி. சில பாதுகாப்பு மென்பொருள்கள் பிரவுசரின் போக்குவரத்தை முதலில் தங்களிடம் வரவழைத்துச் சோதிக்க இப்படி அமைக்கின்றன. சோதிக்கும் பகுதி இயங்காமல் நின்றுவிட்டால், பிரவுசர் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். மென்பொருளை நீக்கிய பிறகும் இந்த அமைப்பு தங்கிவிடுவது உண்டு. ஆகவே முதலில் பிராக்ஸியைப் பாருங்கள். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியும் அப்படி மாறியிருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள். பழைய ஆன்டிவைரஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தால், இரண்டும் மோதிக்கொள்ளும், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் புதிய மென்பொருளையே நீக்கிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் சில சமயம் மிச்சம் கிடக்கும். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். நீக்கிவிட்டால் பாதுகாப்பே இருக்காது என்று மிரட்டுவார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபென்டர் என்ற விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருள் உடன் இருக்கிறது, மற்றது போனதும் அது வழக்கமாகத் தானே இயங்கத் தொடங்கும். கடைசி வழி செட்டிங்ஸில் உள்ள நெட்வொர்க் ரீசெட். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களை அழித்துவிடும், முன்பே குறித்து வையுங்கள்.

யாராவது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தால் கணினியின் இணைப்பை உடனே துண்டித்து, வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பிறகு அந்தத் தொலைவியக்கச் செயலியை நீக்குங்கள். மின்னஞ்சலில் தெரியாத ஃபார்வர்டிங் முகவரி (உங்களுக்கு வரும் அஞ்சல்களை வேறொருவருக்கு அனுப்பும் அமைப்பு) சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அக்காவுக்குச் சில வாரங்கள் கழித்து, "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், கணினியைத் திறங்கள்" என்று மறுபடி அழைப்பு வந்தது. அவர் துண்டித்துவிட்டார். அந்த விளம்பரத்தைப் பற்றி நான் தேடுபொறிக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்போதும் அதே எண் முதலிடத்தில் வருகிறது.