பங்கோர் தீவில் நீண்ட விடுமுறை: தங்கிப் பார்த்தவள் சொல்வது

மலேசியாவின் பேராக் மாநிலக் கரையோரத் தீவான பங்கோருக்கு வார இறுதியில் போய் வருவது வேறு, வாரக்கணக்கில் போய்த் தங்குவது வேறு. அதே மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்களைப் போன்ற ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பழக்கம் முதல் வகைதான். சனிக்கிழமை விடியற்காலையில் காரேறி, ஈப்போ வழியாக லூமுட் போய், பெர்ரி பிடித்து, கடலில் ஆடி, ஞாயிறு மாலை வீடு வந்து சேர்வோம். சில வருடங்களாக நாங்கள் அதை விட்டுவிட்டோம். நீண்ட விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் தீவிலேயே வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குகிறோம். ஊரில் பலரும் "எப்படி இருக்கு, போகலாமா?" என்று கேட்பதால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

எங்கே தங்குவது என்பதுதான் முதல் கேள்வி. விளம்பரங்களில் வருவது எல்லாம் தெலுக் நிப்பா, பாசிர் போகாக் என்று மேற்குக் கரைதான். மணல் அங்கே, சூரியன் கடலில் இறங்குவது அங்கே, படகுச் சவாரியும் அங்கே. இரண்டு மூன்று நாளுக்கு அது போதும். அதற்கு மேல் தங்குவதென்றால் கிழக்குக் கரையைப் பாருங்கள் என்பதே என் முடிவான கருத்து. சுங்கை பினாங் கெச்சில், சுங்கை பினாங் பெசார், பங்கோர் டவுன் இவையெல்லாம் தீவுக்காரர்கள் குடியிருக்கிற பக்கம். மளிகைக் கடை, மீன், காலைப் பசியாறல் எல்லாம் ஊர் விலையில் கிடைக்கும். கடலில் குளிக்க ஆசை வந்தால் வாடகை மோட்டார் சைக்கிளிலோ இளஞ்சிவப்பு வேன் டாக்சியிலோ மறுபக்கம் போக அதிக நேரம் ஆகாது. பெர்ரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நின்றுவிட்டுத்தான் டவுனுக்குப் போகும். மூட்டை முடிச்சோடு போகிறவர்கள் தங்கள் வீடு எந்த ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) பக்கம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கிழக்குக் கரையை எனக்குப் பிடிக்க வைத்தவர் என் அம்மா. வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்த பழக்கம் இன்னும் விடவில்லை, நான்கு மணிக்கே விழித்துவிடுவார். மேற்குக் கரை விடுதியில் அந்த நேரத்தில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. மீனவர் கிராமத்திலோ அந்நேரமே ஊர் எழுந்திருக்கும். பங்கோர் நெத்திலிக்குப் பேர்போனது. பிடித்த மீனைப் படகிலேயே உப்புத் தண்ணீரில் வேகவைத்துக் கொண்டுவருகிறார்கள். கரையில் தட்டுகளில் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். காய்ந்ததும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பெரிது, சிறிது, உடைந்தது என்று பிரிக்கிறார்கள். அம்மா முதல் நாள் நின்று பார்த்தார். மறுநாள் உட்கார்ந்துவிட்டார். எதிரே இருந்த சீனப் பாட்டியோடு மலாயில் பேசிக்கொண்டே, கட்டைவிரலால் தலையைக் கிள்ளி, வயிற்றுக் கறுப்பை ஒரே இழுப்பில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "நீங்க போயி குளிச்சிட்டு வாங்க, நான் இவங்களோட உக்காந்திருக்கேன்" என்றார். மலாயும் தமிழும் கலந்து அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. வார இறுதிப் பயணத்தில் இதற்கு நேரமே இருந்திருக்காது.

இனி எரிச்சல்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது மலாக்கா நீரிணை, ரெடாங்கோ பெர்ஹெந்தியானோ அல்ல. மழை பெய்த மறுநாள் கடல் கலங்கலாகவே கிடக்கும். ஆனால் ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற, தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கடற்கரைத் தீவுகள் வடகிழக்குப் பருவமழையில் நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும்போது பங்கோர் திறந்திருக்கும். வருட இறுதியில் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆண்டின் நடுவில் போனால் விடியலுக்கு முன் சுமத்ரா பக்கத்திலிருந்து அடிக்கிற புயற்காற்று ஒன்று உண்டு. தகரக் கூரை அதிரும், பிள்ளைகள் பயந்து நம் பாயில் வந்து படுத்துக்கொள்வார்கள். பகலுக்குள் வானம் தெளிந்துவிடும்.

உப்புக்காற்று எதையும் விடாது. கொடியில் போட்ட துணி பிசுபிசுப்போடுதான் காயும். நாங்கள் ஒருமுறை எடுத்த வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் அடிப்பாகமே துருவேறி ஒழுகியது. வீட்டுக்காரர் "நாளைக்கு ஆள் வரும்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் விடுமுறையை ஓட்டிவிட்டார். நீண்ட நாளுக்கு வீடு பேசும்போது படத்தைப் பார்த்து முன்பணம் கட்டாமல், குழாய், மோட்டார், குளிர்பதனப்பெட்டி மூன்றையும் வீடியோவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். குரங்குத் தொல்லையும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்து ரொட்டியை மேசையில் விட்டால் திரும்பி வரும்போது பை மட்டும்தான் கிடக்கும். வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் குடும்பமென்றால் மிளகாய்த்தூள், மல்லித்தூள், பருப்பு எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

மருத்துவம்தான் என்னைக் கவலைப்பட வைக்கும் ஒரே விஷயம். தீவில் சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. பெரிய வைத்தியம் என்றால் கடல் தாண்டி ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், இரவில் பெர்ரியும் நின்றுவிடும். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் தங்கும் நாளைவிடக் கூடுதலாகவே மாத்திரை எடுத்துச் செல்லுங்கள்.

2020 ஜனவரி 1 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவு. சாக்லேட் வாங்கப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மது மலிவு என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி இல்லை. சம்சு என்கிற மலிவுச் சாராயம் எத்தனை தோட்டத்து வீடுகளை அழித்தது என்று பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கடைகள் பக்கம் நாங்கள் போவதில்லை.

நேரம் நிறைய இருப்பதால் தீவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது. தெலுக் கெடோங்கில் உள்ள டச்சுக் கோட்டை 1670-இல் ஈயம் சேமித்து வைக்கக் கட்டியது. 1690-இல் உள்ளூர் மக்கள் அதைத் தகர்த்தார்கள். 1743-இல் டச்சுக்காரர்கள் மறுபடி கட்டி, 1748-இல் கைவிட்டுப் போனார்கள். இன்று நிற்பது செங்கல் சுவர்கள் மட்டுமே. ஆனால் என்னை நின்று யோசிக்க வைத்தது 1874 ஜனவரி 20 அன்று இந்தக் கடலில் நின்ற கப்பலில் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம். அதன் வழியாகத்தான் பேராக்கில் சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பேரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்தார். 1877-இல் எங்கள் மாவட்டமான கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நட்டார்கள். பின்னால் அந்த மரத்துக்காகவே எங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த ஒருத்தி தன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பெரியவன் கேட்ட கேள்விகளுக்கு அம்மாவும் பதில் சொன்னார், அதுவரை எங்களிடம் சொல்லாத கதைகளையும் சேர்த்து.

மாலையில் தெலுக் நிப்பாவுக்கு இருவாச்சிகள் வரும். கூரைமேலும் மின்கம்பியிலும் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். அவை பழம் தின்னும் காட்டுப் பறவைகள், வறுத்த தின்பண்டங்களை வீசாதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் மேற்குக் கரை வாடகை ஏறிவிடும். கிழக்குக் கரையில் வாரக்கணக்கில் பேசினால் வீட்டுக்காரர்கள் குறைத்துத் தருவார்கள். மாசி மகத்தை ஒட்டிப் போவதென்றால் கதை வேறு. கடலைப் பார்த்து நிற்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள், பெர்ரியில் வரிசை நீளும், காலி அறை கிடைக்காது. அந்த வாரத்துக்கு வீடு வேண்டுமானால் தீபாவளி முடிந்த கையோடு பேசி வைத்துவிடுங்கள்.